பன்னிரு தானிய வயல்

இமயத்தைச் சார்ந்த கட்வால் பிரதேசத்தில், மலைச்சரிவுக் குடியானவர்கள் ஒரே வயலில் பல தானியங்களைக் கலந்து விதைக்கும் முறைக்குப் 'பாரநாஜா' என்று பெயர். பன்னிரண்டு தானியம் என்பது பொருள். எல்லா ஊர்களிலும் எண்ணிக்கை பன்னிரண்டாகவே இருப்பதில்லை, அது கிடக்கட்டும். கேழ்வரகு, ராம்தானா என்னும் கீரைவிதை, ராஜ்மா, உளுந்து, கொள்ளு, காராமணி முதலியவற்றுடன் 'ஓகல்' என்ற பயிரும் அவ்வயலில் இடம்பெறுகிறது. வடநாட்டார் நவராத்திரி விரதத்தில் உண்ணும் குட்டு மாவு இதன் விதையிலிருந்து கிடைப்பதே. குட்டு என்றவுடன் நம்மவர் தலையைத் தடவிக்கொள்ள வேண்டியதில்லை! இது கோதுமையைப் போன்ற புல்லினமன்று. நமது சுக்கான்கீரையின் உறவு.

நெட்டைப் பயிர்களின் இடையே நின்று இச்செடி மண்ணுக்குச் செய்யும் உபகாரம் கவனிக்கத்தக்கது. இது விரைவில் முளைத்து, அகன்ற இலைகளால் நிலத்தை மூடிவிடுகிறது. சரிவில் அடிக்கும் மழை நேரே மண்ணைத் தாக்கி வாரிச் செல்வது குறைகிறது. களைகளும் எளிதில் தலைதூக்குவதில்லை. மண்ணில் சுண்ணாம்போடு பிணைந்து, மற்றப் பயிர்களுக்கு எட்டாமல் கிடக்கும் மணிச்சத்தை இதன் வேர்கள் கரைத்து உறிஞ்சுகின்றன. அறுவடைக்குப்பின் எஞ்சும் மென்மையான இலையும் தண்டும் சீக்கிரம் மட்கி, அச்சத்தில் ஒரு பகுதியை நிலத்துக்கே திருப்பித் தருகின்றன. தழைச்சத்தைச் சேர்ப்பது மட்டும் இதனால் ஆகாத காரியம். அதை உளுந்தும் கொள்ளும் தம் வேர்முடிச்சுகளால் செய்கின்றன. ராம்தானா ஆளுயரம் வளர, ராஜ்மா அதன் தண்டைப் பற்றிப் படர்கிறது.

குறைகளும் உண்டு. நெட்டைப் பயிரின் நிழல் மிகுந்தால் ஓகலின் விளைச்சல் குன்றும். விதை உதிர்ந்து மறுபோகத்தில் தானே முளைத்துத் தொல்லை தருவதும் உண்டு. ஒவ்வொன்றும் முதிர முதிரத் தனித்தனியே கையால் அறுக்கவேண்டியிருப்பதால் உழைப்பும் அதிகம். அந்த உழைப்பில் பெரும்பங்கு பெண்களுடையது.

1980-களில் இக்கலப்பு வயல்களை அகற்றிச் சோயாவை மட்டும் பயிரிடுமாறு விவசாய அதிகாரிகள் மலைவாசிகளைத் தூண்டினர். சோயா இனத்தின் கறுப்பு வகையான 'பட்' அவ்வயல்களில் முன்பே ஓர் அங்கமாக இருந்துவந்தது என்பதுதான் விசித்திரம். டெஹ்ரி ஜில்லாவின் ஜர்தார் கிராமத்து விவசாயியும், சிப்கோ இயக்கத்தில் ஈடுபட்டவருமான விஜய் ஜர்தாரியும் அவருடைய தோழர்களும் இதை எதிர்த்தனர். அந்தத் தசாப்தத்தின் பிற்பகுதியில் அவர்கள் 'பீஜ் பசாவோ ஆந்தோலன்', அதாவது விதை காக்கும் இயக்கம், கண்டு, ஊர் ஊராகச் சென்று பழைய விதைகளைச் சேகரித்தனர்.

சோயாவின்மீது நமக்குப் பகையில்லை. ஒரு பயிரின் மகசூலை மட்டும் நிறுத்துப் பார்த்து வயலின் தரத்தை நிர்ணயிக்கும் முறையையே நாம் ஆட்சேபிக்கிறோம். ஒரு குடும்பத்தின் ஆண்டு முழுவதற்குமான உணவையும், சரிவில் நிலைத்து நின்ற மண்ணையும் எந்தத் தராசு காட்டும்? மத்திய சர்க்கார் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் 22 பயிர்களில் கேழ்வரகும் உளுந்தும் உள்ளன. ஓகலும் கொள்ளும் இல்லை. கலப்பு வயலில் விளையும் இவ்விரண்டுக்கும் அப்பட்டியலில் இடமளிக்க வேண்டுமென்று நாம் கோருகிறோம்.