மணி அடித்தால் எடுப்பது யார்?

உடப்புசல்லாவைக் கடைவீதியில் என் நண்பரொருவர் மருந்துக்கடை நடத்துகிறார். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், மாலைப் பொழுதுகளில் அவர் கடை வாங்கிலே அமர்ந்து பத்திரிகை படிப்பது என் வழக்கம். கார்த்திகை மழைநாள் ஒன்றில் தோட்டத்து மூதாட்டி ஒருத்தி நனைந்த சேலையோடு படியேறி வந்தாள். பேரனுக்கு இன்சுலின் வேண்டும். அன்றோ கடையில் இருப்பு இல்லை. "நாலு தரம் அடிச்சேன் மொதலாளி, எப்பவும் பேசிக்கிட்டேதான் இருக்கீங்க" என்றாள். சினந்து சொல்லவில்லை. அதுதான் எங்களிருவரையும் வருத்தியது.

சில நாளில் தொலைபேசிக் கருவி விற்பவர் ஒருவர் வந்தார். பதினாறு கிளைக் கருவிகள், தானாகப் பேசும் குரல், காத்திருப்போர்க்கு இன்னிசை என விரித்துரைத்தார். "மாஸ்டர், நீங்க கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். இது நமக்கு வேணுமான்னு பார்த்துச் சொல்லுங்க" என்று நண்பர் என்னிடம் பொறுப்பை விட்டார்.

கணக்கிலிருந்தே தொடங்கினேன். கடைக்கு அப்போது ஒரே செப்புக்கம்பி இணைப்பு. மாலை நான்கு முதல் ஐந்து மணி வரை வந்த அழைப்புகளைச் சில நாள் குறித்து வைத்தோம். ஏறக்குறையப் பத்து அழைப்பு. ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். "பாதி நேரம் கம்பி சும்மாதானே கிடக்கிறது!" என்றார் நண்பர். இங்கேதான் கண் ஏமாறுகிறது. எடுத்த அழைப்புகளை நாம் எண்ணுகிறோம். எடுபடாமற்போனவை நம் ஏட்டில் ஏறுவதேயில்லை.

கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் பணியாற்றிய எர்லாங் என்னும் கணித அறிஞர் 1909ஆம் ஆண்டு முதல் இப்பொருளை ஆராய்ந்து, 1917இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அழைப்புகள் முன்னறிவிப்பின்றி வருவன. ஆகவே ஒரே கம்பி பாதி நேரம் பேச்சில் இருந்தால், அழைப்போரில் பாதிப் பேருக்கு அது கிடைப்பதில்லை. பத்துப் பேர் பேசினார்களென்றால் இருபது பேர் முயன்றிருக்கிறார்கள். இணைப்பு இரண்டானால் ஐவரில் ஒருவர் ஏமாறுவார். மூன்றானால் பதினாறு பேரில் ஒருவர். நான்கானால் அறுபத்தைந்து பேரில் ஒருவர். கிடைக்காதவர் மீண்டும் மீண்டும் அழைப்பதால் இக்கணக்குச் சற்றே பிசகும். எனினும் வழிகாட்டப் போதும். எங்கள் தேவை பதினாறு கிளைகளல்ல, மூன்று இணைப்புகள்.

தானாகப் பேசும் குரலைப் பற்றித்தான் எனக்கும் விற்பனையாளருக்கும் வாதம் மூண்டது. அவர் போட்டுக் காட்டிய குரல் முதலில் ஆங்கிலத்திலும், பின் சிங்களத்திலும், இறுதியாகத் தமிழிலும் பேசிற்று. தமிழுக்கு மூன்றாம் எண்ணை அழுத்த வேண்டும். லயத்திலிருந்து அழைப்பவர் அதுவரை பொறுத்திருப்பாரா? இன்னொன்றும் உண்டு. மணி அடிக்கும்போது அழைப்பவருக்குக் கட்டணம் ஏறாது. அந்தக் குரல் வாய் திறந்த கணமே ஏறத் தொடங்கிவிடும். ஐம்பது ரூபாய்க்கு ரீலோட் போட்டவரின் காசை நம் இன்னிசை தின்னும். பெரிய வங்கிக்கு அது பொருந்தலாம். மருந்துக்கடைக்குப் பொருந்தாது என்றேன்.

இடையில் நிற்பவர் யார் என்னும் கேள்வி தொலைபேசிக்குப் புதிதன்று. அமெரிக்காவில், கன்சாஸ் நகரில், ஈமச்சடங்கு நடத்தும் தொழில் செய்த ஸ்ட்ரௌஜர், தமக்கு வர வேண்டிய அழைப்புகளை இணைப்பு நிலையத்துப் பெண் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறாள் என்று ஐயுற்றாராம். அந்த ஐயமே, மனிதக் கையில்லாமல் இணைக்கும் பொறிக்கு வித்திட்டது என்பார்கள். 1891இல் அவர் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே இண்டியானா மாநிலத்து லாபோர்ட்டில் அத்தகைய முதல் நிலையம் இயங்கிற்று. அவருக்கு மனிதரை விலக்க வேண்டியிருந்தது. எங்களுக்கோ மனிதர் ஒருவரை அமர்த்த வேண்டியிருந்தது.

மின்சாரம் அடுத்த கவலை. 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியதை யாரே மறப்பர்? பழைய செப்புக்கம்பித் தொலைபேசி, இணைப்பு நிலையத்து மின்கலங்களிலிருந்து கம்பி வழியாகவே 48 வோல்ட் பெற்று, ஊர் இருண்டிருக்கையிலும் பேசும். இணையவழித் தொலைபேசிக்கு அந்த வசதியில்லை; கடைக்குள் மின்சாரம் நின்றால் அதுவும் ஊமை. செப்புக்கம்பிக்கோ மின்னல் பகை. வடகீழ்ப் பருவத்தில் மரம் சாய்ந்தாலும் அறுந்துபோம்.

ஆகவே ஒன்றையே நம்பாமல் கலந்து எடுத்தோம். பழைய கம்பி இருந்தபடியே இருக்கிறது. ஊர் அறிந்த 052 எண்ணும் மாறவில்லை. அது பேச்சில் இருந்தால் அழைப்பு இரண்டாம் இணைப்புக்கும், அதுவும் ஓய்வில்லையேல் சிம் அட்டையில் இயங்கும் மேசைத் தொலைபேசிக்கும் தாவுகிறது. ஒரு மின்கலப் பெட்டி. கம்பி உள்ளே நுழையுமிடத்தில் மின்னற்காப்பு. விற்பனையாளருக்கு வருத்தந்தான், ஆயினும் தேநீர் அருந்திவிட்டே போனார்.

மிஞ்சிய பணத்தில், மாலை மூன்று மணி நேரம் தொலைபேசி எடுக்கத் தமிழும் சிங்களமும் தெரிந்த பெண்ணொருத்தியை நண்பர் அமர்த்தியிருக்கிறார். என் பழைய மாணவி. நேற்று நான் வாங்கில் இருந்தபோது அவள் பேசிக்கொண்டிருந்தாள்: "இன்சுலின் நாளைக்குக் காலையிலதான் வரும் பாட்டி. இன்னைக்கு மழையில எறங்காதீங்க."