காற்றுவாக்கில் ஒரு கடற்பயணம்

வடக்கிலிருந்து வீசும் காற்றை வாடை என்றும், கிழக்கிலிருந்து வீசுவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வீசுவதைக் கோடை என்றும், தெற்கிலிருந்து வீசுவதைத் தென்றல் என்றும் தமிழர் பெயரிட்டு அழைத்தனர். வாடைக்கும் கொண்டலுக்கும் இடைப்பட்ட வடகிழக்குத் திசையிலிருந்து, மே முதல் செப்டம்பர் வரை பெரும்பாலான நாள்களில் காற்று வீசும் தீவு ஒன்று பசிபிக் பெருங்கடலில் உள்ளது. ஹவாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த கவாய் என்பது அதன் பெயர். இக்காற்றைப் புவியியல் நூல்கள் வியாபாரக் காற்று என்று குறிப்பிடும்.

கவாயின் வடமேற்குக் கரைக்கு ‘நா பாலி’ என்று பெயர். ஹவாய் மொழியில் அதற்குச் செங்குத்துப் பாறைகள் என்று பொருள். சில இடங்களில் 1200 மீட்டர் வரை உயர்ந்த மலைகள் கடலுக்குள் நேராக இறங்குகின்றன. பாறைகளுக்கு இடையே உள்ள பள்ளத்தாக்குகளில் முன்பு மக்கள் வாழ்ந்தனர். நாம் உண்ணும் சேப்பங்கிழங்கையே அவர்களும் படிக்கட்டு வயல்களில் விளைவித்தனர். இக்கரையில் சாலை இல்லை. ஒரு முனையான ஹாயேனாவிலிருந்து மறுமுனையான பொலிஹாலேவுக்குக் கடல்வழியே ஏறத்தாழ 27 கிலோமீட்டர். சாலைவழியே செல்வோர் தீவின் மறுபுறமாகச் சுற்றிச் செல்ல வேண்டும்.

இத்தொலைவைக் கயாக் என்னும் ஒடுங்கிய படகில், இருமுனைத் துடுப்பினால் ஒரே நாளில் கடப்போர் உண்டு. அவர்கள் எப்போதும் ஹாயேனாவிலிருந்தே புறப்படுவர். காற்றும் அலையும் முதுகுப்புறமிருந்து தள்ளும் திசை அதுவே.

காற்று தள்ளுவதால் இது எளிய பயணம் என்று எண்ணிவிடக் கூடாது. பின்னாலிருந்து வரும் அலை படகைவிட விரைவாகச் செல்லும். அது படகின் பின்புறத்தை உயர்த்தும்போது முன்புறம் தாழும். அந்த நொடியில் நான்கைந்து முறை வலிமையாகத் துடுப்பு வலித்தால், படகு அலையின் சரிவில் தானே வழுக்கி ஓடும். அப்போது கைகளுக்குச் சற்று ஓய்வு கிடைக்கும். தேர்ந்தவர் திரும்பிப் பார்ப்பதில்லை. அலை வருவதை அமர்ந்த இடத்தின் அசைவால் உணர்ந்து, கண்களை முன்னாலுள்ள தாழ்வின்மீதே வைத்திருப்பர். பழகாதவர் ஓயாது துடுப்பு வலித்துக் களைத்துப் போவர். சரிவில் படகு குறுக்காகத் திரும்பினாலோ, அடுத்த அலை அதைக் கவிழ்த்துவிடும்.

பாறைக்கு அருகில் செல்வதும் இடர் தருவதே. பாறையில் மோதித் திரும்பும் அலையும் புதிதாக வரும் அலையும் எதிர்ப்படுமிடத்தில் நீர் ஒழுங்கின்றிக் கொந்தளிக்கும். கடற்குகைகளின் அழகு ஒருவரை அருகே அழைக்கும். அலை தணிந்த நாளில் மட்டுமே அவ்வழைப்பை ஏற்கலாம்.

இப்பயணத்தில் பாதி வழியில் மனம் மாறினால் திரும்புவது மிகக் கடினம். இதுவரை துணைநின்ற காற்று அப்போது எதிரே நிற்கும். இடையே கலாலாவ், மிலோலீ போன்ற சில மணற்கரைகளே உள்ளன. ஆகவே, ‘எனக்கு அச்சமாக இருக்கிறது’ என்று சொல்லவேண்டியவர் விடியற்காலையில், படகு மணலில் இருக்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்டு நகைப்பவருடன் கடலுக்குச் செல்லாதிருப்பதே நன்று. குளிர்காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. வடபசிபிக் புயல்கள் எழுப்பும் பேரலைகள் அப்போது இக்கரையை அறையும். கயாக் பயணமும் நடைபெறாது.

பொலிஹாலே நீண்ட மணற்பரப்பு. ஆயினும் அலைகள் கரையோரத்திலேயே மடிந்து உடைவதால், உடனே கரையேற இயலாது. துடுப்பைத் தாழ்த்திச் சற்று வெளியே காத்திருந்து, பெரிய அலைகள் சில கடந்தபின் வரும் சிறு இடைவெளியில் விரைந்து வலிக்க வேண்டும். படகு மணலைத் தொட்டதும் குதித்து இறங்கி, அடுத்த அலை வருமுன் அதை மேலே இழுத்துவிட வேண்டும்.