எங்கே தட்டுகிறது? ஜீப்பை உயர்த்துமுன் கேட்க வேண்டிய கேள்வி

ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் விடியற்காலையிலேயே வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. நேரம் வந்ததும் காவலோடு ஒன்றன் பின் ஒன்றாகக் காட்டுக்குள் நுழைகின்றன. அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஏறத்தாழ 50 கிலோ மீட்டர். இருபுறமும் ஜாரவா பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட காடு. நடுவில் நிறுத்தக் கூடாது. முன்னால் போகும் வண்டியை முந்தக் கூடாது. கீழே இறங்கக் கூடாது.

அந்த வரிசையில் ஒரு வண்டியின் அடிப்பாகம் உடைந்து நின்றுவிட்டால் பின்னால் வரும் அத்தனை பேருக்கும் தொல்லை. ஓட்டுநருக்கோ அன்றைய பிழைப்பு போச்சு.

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வங்காளிக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் பேசும் தாய்மொழி தமிழ். நம்மவர்களில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களும் உண்டு. சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் சொந்தமாக ஜீப் வாங்கியவர்களும் உண்டு. இப்போது இவர்களிடையே ஓர் ஆசை பரவி வருகிறது. வண்டியைத் தூக்கி நிறுத்த வேண்டும். உயரமான ஸ்பிரிங், புது கண்ட்ரோல் ஆர்ம், பெரிய டயர் போட வேண்டும் என்பதே அது.

ஆசை தவறல்ல. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லி மீட்டர் மழை பெய்யும் தீவு இது. கிளைச் சாலைகளில் சேறும் பள்ளமும் சகஜம். படகில் வண்டியை ஏற்றும்போது சரிவுப் பலகையில் முன்பக்கம் இடிப்பதும் உண்டு. ஆனால் "அண்ணே, ரெண்டு இஞ்சு தூக்கிக் கொடுங்க" என்று வந்து நிற்பவரிடம் விவரம் தெரிந்த மெக்கானிக் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எங்கே தட்டுது, தம்பி?"

அதற்குப் பதில் தெரியாமல் செலவு செய்தால் பணம் பாழ்.

தூக்கினாலும் தூங்கும் கிரவுன்

ஜீப்பில் இரண்டு வகை உண்டு. பழைய மகேந்திரா ஜீப்புகளிலும் மாருதி ஜிப்சியிலும் முன்னும் பின்னும் ஒரே துண்டான ஆக்சில். அதன் மேல் பட்டை ஸ்பிரிங். 2023-ல் வந்த ஜிம்னியிலும் ஆக்சில் ஒரே துண்டுதான். ஆனால் பட்டைக்குப் பதில் சுருள் ஸ்பிரிங். 2020-ல் வந்த தார் வண்டியில் பின்பக்கம் மட்டுமே ஒரே துண்டு ஆக்சில். முன்பக்கம் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும்.

ஒரே துண்டு ஆக்சிலில், 'கிரவுன்' என்று நாம் சொல்லும் டிபரன்ஷியல் உருண்டை ஆக்சிலோடு சேர்ந்தே இருக்கிறது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் உடல்தான் மேலே போகும். கிரவுன் இருந்த இடத்திலேயே இருக்கும். கல்லில் தட்டுவது கிரவுன் என்றால் ஸ்பிரிங் மாற்றிப் பயனில்லை. பெரிய டயர் போட்டால்தான் அது உயரும். அதிலும் டயரின் விட்டம் 50 மில்லி மீட்டர் கூடினால் கிரவுன் உயர்வது பாதியே, அதாவது 25 மில்லி மீட்டர்.

பம்பர், பெட்ரோல் டேங்க், நடு வயிறு ஆகியவை தட்டினால் ஸ்பிரிங் உயரம் உதவும். ஆகவே, தட்டிய தழும்பு எங்கே இருக்கிறது என்று முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் டேப்பை எடுங்கள்

இன்னொரு சோதனையும் உண்டு. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டயர்களில் காற்றைச் சரியாக நிரப்பி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் சிமெண்ட் மூட்டையும் ஆட்களும் ஏற்றிய வண்டியில் ஸ்பிரிங் களைத்துத் தாழ்ந்திருக்கும். இடதும் வலதும் ஒத்துப் போகாது. அப்படியானால் அந்த வண்டிக்குத் தேவை உயர்த்துவதல்ல. இழந்த உயரத்தைத் திரும்பப் பெறுவது. கம்பெனி அளவிலேயே புதுப் பட்டை, புதுப் புஷ், புது ஷாக் அப்சார்பர் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இது பழுதுபார்ப்பு. சட்டச் சிக்கலும் இல்லை.

ஆர்ம் எதற்காக?

சுருள் ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்கும். ஆக்சிலை இடத்தில் நிறுத்தாது. முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஆக்சில் அலையாமல் பிடித்துக் கொள்பவை ஆர்ம்கள்தான்.

உடல் மேலே போனதும் ஆர்ம்கள் சரிகின்றன. ஜிம்னி போன்ற வண்டியில் இதனால் முன் ஆக்சில் சற்றே உருண்டு விடுகிறது. 'காஸ்டர்' என்னும் சாய்வுக் கோணம் குறைகிறது. வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்புவது இந்தக் கோணத்தால்தான். அது குறைந்தால் வண்டி நேர்ச்சாலையிலேயே அலைபாயும். பக்கவாட்டுக் கம்பியும் சரிவதால் ஆக்சில் ஒரு பக்கமாக நகர்ந்து நிற்கும். காஸ்டர் திருத்தும் புஷ் அல்லது அளவு மாற்றிய ஆர்ம், நீளம் கூட்டிக் குறைக்கும் பக்கவாட்டுக் கம்பி ஆகியவை இதற்காகவே விற்கப்படுகின்றன.

தார் வண்டியின் முன்பக்கத்தில் கதை வேறு. உயர்த்தினால் மேல் ஆர்மின் பால் ஜாயிண்ட் தன் எல்லைக்கு அருகிலேயே நிற்கும். சக்கரத்துக்குச் சுழற்சி கொடுக்கும் ஆக்சில் ஜாயிண்டுகளும் கூடுதல் கோணத்தில் சுழலும்; ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். புது மேல் ஆர்ம் பால் ஜாயிண்டின் கோணத்தைச் சரி செய்யும். ஆக்சில் ஜாயிண்டின் கோணத்தை அதனால் மாற்ற முடியாது. இதனால்தான் இத்தகைய வண்டிகளில் இரண்டு அங்குலத்துக்கு மேல் போக அனுபவசாலிகள் தயங்குகிறார்கள்.

ஸ்பிரிங்குக்கு மேல் வெறும் வட்டத் துண்டு வைத்து உயர்த்துவது மலிவு. ஆனால் சக்கரம் ஏறி இறங்கும் தூரம் அதனால் கூடாது. உயரத்துக்கு ஏற்ற ஷாக் அப்சார்பரும், நீளம் போதாத இடத்தில் புது பிரேக் ஹோஸும் வேண்டும். புரொபல்லர் ஷாப்டின் கோணத்தையும் பார்க்க வேண்டும். 'ஸ்பிரிங் இவ்வளவு' என்று சொல்லும் விலை முழு விலையல்ல.

உப்பும் கப்பலும்

தீவுக்கென்று இரண்டு கணக்குகள் தனியே உண்டு.

ஒன்று உப்பு. கடற்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். பளபளக்கும் பெயின்ட் பூசிய ஆர்மில் ஒரு கல் பட்டுத் தோல் உரிந்தால் துரு உள்ளே வேலை செய்யத் தொடங்கிவிடும். உலோகக் குண்டு ஜாயிண்ட் வைத்த பந்தய வகை ஆர்ம் சேற்றிலும் உப்பிலும் சீக்கிரம் தேய்ந்து ஆடும். கடினமான பாலியூரிதேன் புஷ் நெடுநாள் உழைக்கும். ஆனால் கிரீஸ் வைக்காவிட்டால் கீச்சிடும், அதிர்வையும் கூட்டும். அன்றாடப் பிழைப்புக்கு ஓடும் வண்டிக்கு நல்ல ரப்பர் புஷ்ஷே தோதானது. வாரம் ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வரும் ஊரில் இதுவும் ஒரு செலவுதான்.

மற்றொன்று கப்பல். சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டவுடன் கிடைக்கும் புஷ், 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேருக்குக் கடல் தாண்டி வர வேண்டும். வெளிநாட்டு ஆர்முக்கு மாற்று புஷ் கிடைக்காமல் வண்டி பல நாள் நின்றால் வருமானமும் நிற்கும். வாங்கும்போதே உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டு, ஒரு ஜோடி புஷ்ஷைச் சேர்த்து வாங்கி வைப்பது நல்லது.

பணம் மிச்சம் என்று பழைய ஆர்மை வெட்டி நீளமாக்கி வெல்டிங் வைக்க எவரும் இடம் கொடுக்கக் கூடாது. சூடு பட்ட இடம் பலம் குறைந்து ஒரு நாள் விரிசல் விடும். வளைவில் ஆர்ம் முறிந்தால் போவது பணம் மட்டுமல்ல.

ஆர்ம் மாற்றிய பிறகு, வண்டி தரையில் தன் எடையோடு நிற்கும்போதுதான் ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகியபடி இருந்து சீக்கிரம் கிழியும். சில நூறு கிலோ மீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்கிப் பார்த்து, அலைன்மெண்டும் செய்ய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு திருத்தச் சட்டம் வந்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அதில் இடமுண்டு. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் இந்த மாற்றத்தைக் காரணம் காட்டிக் கையை விரிக்கலாம்.

சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவருக்கே இது தலைவலி. எப்.சி.யை நம்பி வாடகை வண்டி ஓட்டுபவருக்கு அது வயிற்றுப் பிரச்சினை. வேலையைத் தொடங்குமுன் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வதும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிப்பதும் அவசியம்.

உயரம் கூடக் கூட வண்டியின் பாரமும் மேலே ஏறுகிறது. வளைவுகள் நிறைந்த டிரங்க் ரோட்டில், பின்னால் ஆறு பேரை ஏற்றிக் கொண்டு போகும்போது அதன் பலன் தெரியும். தார் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 226 மில்லி மீட்டர் தரை இடைவெளியோடு வருகிறது. ஜிம்னி 210 மில்லி மீட்டர். நல்ல டயரும் களைக்காத ஸ்பிரிங்கும் இருந்தால் தீவின் பெரும்பாலான சாலைகளுக்கு அதுவே போதும்.

போதாத இடம் ஒன்று உண்மையிலேயே இருந்தால், அதற்குத் தேவையான அளவு மட்டும் உயர்த்தலாம். அந்த அளவைத் தீர்மானிக்க வேண்டியது பக்கத்து வண்டியின் உயரமல்ல. நம் வண்டியின் வயிற்றில் இருக்கும் தழும்பு.