பனித்தளத்தில் முதல் அடி: விழப் பழகினால் பயம் விலகும்

வெயிலும் மழையும் மட்டுமே தெரிந்த நம் நாட்டில் குளிர்கால விளையாட்டா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால், 2018இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியா முதன்முறையாகக் கலந்துகொண்டது. அங்கு ஐஸ் ஸ்கேட்டிங்கில் நாட்டைப் பிரதிநிதித்த ஜூலியன் யீ, பேரங்காடிப் பனித்தளத்தில் பழகி வளர்ந்தவர்தான். 2017 கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியிலும் அவர் தங்கம் வென்றார்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் பனித்தளத்திற்குப் போக ஆசைப்பட்டால், 'விழுந்து கையை உடைத்துக்கொண்டால் என்ன செய்வது?' என்று பெற்றோர் தயங்குவது இயல்பு. விழாமல் இதைக் கற்றவர் எவருமில்லை. அதனால் முதல் பாடமே விழுவதுதான்.

விழுவதும் எழுவதும்

தடுமாறும்போது நிமிர்ந்து நிற்க முயலாதீர்கள். முழங்காலை மடக்கி, உடலைத் தாழ்த்தி, பக்கவாட்டில் இடுப்பு தரையில் படும்படி விழுங்கள். கையை நீட்டி ஊன்றினால்தான் மணிக்கட்டு முறியும். விழுந்ததும் விரல்களை மூடி, கைகளை மார்போடு சேர்த்துக்கொள்ளுங்கள்; பக்கத்தில் வருபவரின் காலணித் தகடு கூர்மையானது.

எழும்போது முதலில் மண்டியிடுங்கள். ஒரு பாதத்தை முன்னால் ஊன்றி, அந்த முழங்கால்மேல் இரு கைகளையும் வைத்து அழுத்தி எழுங்கள்.

உடையும் காலணியும்

தொடக்கத்திலேயே காலணி வாங்கத் தேவையில்லை, வாடகைக்குக் கிடைக்கும். நுழைவுக் கட்டணத்தில் அது சேர்ந்ததா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். குதிகால் மேலெழாதபடி காலணி பிடிப்பாக இருக்க வேண்டும். கணுக்காலருகே கயிற்றை நன்றாக இறுக்குங்கள். மெல்லிய நீளக் காலுறை ஒரு சோடி போதும். கையுறை அவசியம். பிள்ளைகளுக்குச் சைக்கிள் தலைக்கவசம் அணிவியுங்கள். ஈரமானால் கனக்கும் ஜீன்ஸ், தகட்டில் சிக்கும் துப்பட்டா, நீளப் பாவாடை ஆகியவற்றைத் தவிர்க்கவும்.

நடை, சறுக்கல், நிறுத்தம்

குதிகால்களைச் சேர்த்து, கால் விரல்களை வெளிப்புறம் திருப்பி, வாத்து நடப்பதுபோல் சின்னச் சின்ன அடி வையுங்கள். நான்கைந்து அடி வைத்துவிட்டு அசையாமல் நின்றால் உடல் தானாகவே சறுக்கும். பார்வை பாதத்தில் இருந்தால் உடல் முன்னால் சாயும், எதிரே பாருங்கள். தகட்டின் முன்முனையில் உள்ள பற்களை ஊன்றித் தள்ளினால் குப்புற விழ நேரும். பாதத்தின் பக்கவாட்டால் தள்ளிப் பழகுங்கள். நிற்பதற்கு, முழங்காலை மடக்கி, குதிகால்களை வெளியே தள்ளி, பனியைச் சுரண்டுவதுபோல் அழுத்துங்கள்.

முதல் நாளில் ஒரு மணி நேரம் போதும். கால் களைத்துவிட்டால் தடுமாற்றமும் கூடும். 'இன்னும் ஒரே ஒரு சுற்று' என்று பிள்ளை கெஞ்சினாலும் அன்றைக்கு அத்துடன் காலணியைக் கழற்றிவிடுங்கள்.