ஒரே தாளத்தில் ஒளிரும் மரங்கள்

சனிக்கிழமை பிற்பகல் கோலாலம்பூரிலிருந்து காரில் கிளம்பும் ஒரு தம்பதி, சாலையில் நெரிசல் இல்லையென்றால் ஒன்றரை மணி நேரத்திற்குள் கோலசிலாங்கூரை அடைந்துவிடலாம். மாலையில் மெலாவத்தி குன்றில் குரங்குகளைப் பார்க்கலாம். ஆற்றோரக் கடையில் மீனும் நண்டும் சாப்பிடலாம். ஆனால், நகரத்து மக்கள் பலர் இங்கு வருவது இருட்டிய பிறகு கிடைக்கும் ஒரு காட்சிக்காகத்தான்.

கம்போங் குவாந்தான் படகுத்துறையில் சிறு படகில் ஏறி அமர்ந்தால், கிராமத்துப் படகோட்டி துடுப்புப் போட்டு உங்களைச் சிலாங்கூர் ஆற்றுக்குள் அழைத்துச் செல்வார். கரையோர மரங்களில் எண்ணற்ற மின்மினிகள் மின்னிக்கொண்டிருக்கும். சற்று நேரம் உற்றுப் பாருங்கள். அவை ஆளுக்கொரு நேரத்தில் மின்னவில்லை. மரம் முழுவதும் ஒன்றாக ஒளிர்கிறது, ஒன்றாக அணைகிறது. ஒரு விநாடிக்கு ஏறக்குறைய மூன்று முறை இப்படி நடக்கிறது.

இவற்றுக்குத் தலைவன் கிடையாது. தாளம் போட்டுக் கொடுப்பவரும் கிடையாது. பிறகு எப்படி இவ்வளவு ஒழுங்கு?

வயிற்றில் ஒரு விளக்கு

மின்மினியைப் பூச்சி என்று பொதுவாகச் சொன்னாலும், அது வண்டினத்தைச் சேர்ந்தது. உலகில் 2,000க்கும் மேற்பட்ட மின்மினி இனங்கள் உள்ளன. கம்போங் குவாந்தானில் காணப்படுவதன் அறிவியல் பெயர் தெரோப்டிக்ஸ் தெனர். மலாய்மொழியில் கெலிப்-கெலிப் என்பார்கள். ஏறக்குறைய ஓர் அரிசியின் நீளம்தான் இருக்கும்.

அதன் வயிற்றின் கடைசிப் பகுதியில் ஒளியுறுப்பு இருக்கிறது. அங்குள்ள லூசிஃபெரின் என்னும் பொருள் உயிர்வளியுடன் சேரும்போது ஒளி உண்டாகிறது. இந்த வேதிவினையை விரைவுபடுத்துவது லூசிஃபெரேஸ் என்னும் நொதி. வேண்டிய ஆற்றலை ஏ.டி.பி. தருகிறது. நீங்கள் ஓடும்போது உங்கள் தசைகளுக்கு ஆற்றல் தருவதும் இதே ஏ.டி.பி.தான். பழைய மின்குமிழைத் தொட்டால் கை சுடும். மின்மினியின் ஒளியில் வெப்பம் மிகக் குறைவு. அதனால்தான் அதைக் குளிரொளி என்கிறோம்.

கண்ணிமை செய்த வேலையா?

ஒரு மரத்து மின்மினிகள் சேர்ந்து ஒளிர்கின்றன என்று தென்கிழக்காசியாவுக்கு வந்த பயணிகள் எழுதியபோது, மேற்கு நாட்டு அறிஞர்கள் பலர் நம்பவில்லை. 1917இல் பிலிப் லாரன்ட் என்பவர் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு விளக்கம் எழுதினார். பூச்சிகள் சேர்ந்து ஒளிரவில்லை, பார்ப்பவரின் கண்ணிமைதான் துடிக்கிறது என்றார் அவர்!

1935இல் அதே இதழில் ஹியூ ஸ்மித் என்ற அமெரிக்க மீன் ஆய்வாளர் பதில் போல ஒரு கட்டுரை எழுதினார். சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், பல ஆண்டுகள் பணியாற்றியவர் அவர். ஆற்றங்கரை மரங்களில் மின்மினிகள் ஒன்றாக ஒளிர்வதைத் தம் கண்ணால் கண்டு விவரித்தார். காட்சி உண்மைதான். ஆனால், அதன் காரணம் தெரியவில்லை.

இருண்ட அறையில் ஒரு சோதனை

1960களில் ஜான் பக், எலிசபெத் பக் என்ற ஆய்வாளர் தம்பதி அமெரிக்காவிலிருந்து தாய்லாந்துக்கு வந்தனர். பேங்காக் நகருக்கு அருகிலுள்ள ஆற்றோரங்களுக்குச் சென்று மின்மினிகளைப் பிடித்தனர். அவை கம்போங் குவாந்தான் மின்மினிகளின் நெருங்கிய உறவினங்கள்.

பிடித்த மின்மினிகளை விடுதிக்குக் கொண்டுவந்து, இருட்டாக்கிய அறைக்குள் பறக்கவிட்டனர். அவை சுவரிலும் கூரையிலும் ஆங்காங்கே அமர்ந்தன. முதலில் ஒவ்வொன்றும் தன் போக்கில் மின்னியது. கொஞ்ச நேரத்தில் அருகருகே இருந்த இரண்டு சேர்ந்து மின்னின. பிறகு மூன்று. முடிவில் ஒரு டஜன் மின்மினிகள் வரை ஒரே தாளத்துக்கு வந்துவிட்டன.

அந்த அறையில் ஆறு இல்லை, மரம் இல்லை, காற்றும் இல்லை. ஆகவே, தாளம் வெளியிலிருந்து வரவில்லை. ஒன்றையொன்று பார்த்தே அவை தாளத்தைச் சரிசெய்துகொள்கின்றன.

வாளியும் ஒரு குவளைத் தண்ணீரும்

ஒவ்வொரு மின்மினிக்குள்ளும் ஒரு கடிகாரம் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதை ஒரு வாளியாகவும் கற்பனை செய்யலாம். வாளியில் தண்ணீர் சீராக நிறைகிறது. நிறைந்ததும் கவிழ்கிறது, அப்போது மின்மினி ஒளிர்கிறது. பிறகு மீண்டும் நிறையத் தொடங்குகிறது.

இப்போது ஒரு விதியைச் சேர்ப்போம். பக்கத்து மின்மினி ஒளிர்வதைப் பார்த்தால், உங்கள் வாளியில் ஒரு குவளைத் தண்ணீர் கூடுதலாக விழும். ஏறக்குறைய நிறைந்திருந்த வாளி உடனே கவிழ்ந்துவிடும். இப்படி அடுத்தவர் வேகத்துக்கு ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிடுவார்கள்.

1990இல் ரென்னி மிரொல்லோ, ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் ஆகிய இரு கணிதவியலாளர்கள் இத்தகைய ஓர் எளிய மாதிரியை ஆராய்ந்தனர். எப்படித் தொடங்கினாலும், கிட்டத்தட்ட எல்லா நிலைகளிலும் கூட்டம் ஒரே தாளத்தில்தான் வந்து முடியும் என்று நிறுவினர். அந்த மாதிரிக்கு வழிகாட்டியது 1975இல் சார்ல்ஸ் பெஸ்கின் எழுதிய இதயத் துடிப்பு பற்றிய ஆய்வு. உங்கள் இதயத்தில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் ஆயிரக்கணக்கான உயிரணுக்களும் தலைவன் இல்லாமலேயே ஒன்றுகூடி இயங்குகின்றன.

இதை வகுப்பறையிலும் செய்து பார்க்கலாம். பத்து மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அவரவர் வேகத்தில் கைதட்டட்டும். பிறகு, பக்கத்தில் கேட்கும் ஓசையோடு மெல்ல ஒட்டிப்போகச் சொல்லுங்கள். சேர்ந்து தட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கெடுங்கள்.

எதற்காக இந்தத் தாளம்?

தாளம் போடுபவை ஆண் மின்மினிகள். பெண்ணைக் கவர்வதே நோக்கம். அடர்ந்த ஆற்றங்கரைக் காட்டில் ஒற்றை ஒளிப்புள்ளி எடுபடாது. மரமே ஒளிர்ந்தால் தொலைவிலிருந்தும் தெரியும் என்பது ஒரு விளக்கம். எல்லா ஆண்களும் ஒன்றாக அணையும் அந்தக் கணத்தில்தான் பெண்ணின் மங்கலான பதில் ஒளி கண்ணில் படும் என்பது மற்றொரு விளக்கம்.

எந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டாலும் அடிப்படை ஒன்றுதான். மின்மினிகள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். அதற்கு இருட்டு வேண்டும். கரையில் பளீரென ஒரு தெருவிளக்கு வந்தால், அந்த வெளிச்சத்தில் மின்மினிகளின் பேச்சு மூழ்கிவிடும்.

மரத்தைக் காத்தால் போதுமா?

மின்மினிகள் கூடும் மரத்தின் பெயர் பெரெம்பாங். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடத்தில் வளரும் சதுப்புநில மரம் அது. ‘அந்த மரங்களை வெட்டாமல் விட்டால் போதாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். போதாது.

நாம் மரத்தில் காண்பது மின்மினியின் கடைசிப் பருவத்தை மட்டுமே. அதற்கு முன் அது புழுவாக, மரத்துக்குப் பின்னால் உள்ள ஈரச் சேற்றில் வாழ்கிறது. அங்குள்ள சிறு நத்தைகளே அதன் உணவு. நீப்பாவும் ரும்பியா மரங்களும் தரும் நிழலில்தான் அந்தச் சேறு காயாமல் இருக்கும். செம்பனை நடுவதற்கோ கட்டடம் கட்டுவதற்கோ கரையைத் துப்புரவாக்கினால், மண் காய்ந்துபோகும். நத்தை இருக்காது, புழுவும் பிழைக்காது. பெரெம்பாங் மரம் மட்டும் நிற்கும். அதில் விளக்கு இருக்காது.

இதில் மக்களின் பிழைப்பும் அடங்கியிருக்கிறது. மின்மினி இல்லாத ஆற்றில் இரவில் படகேற யார் வருவார்கள்? துடுப்புப் போடுபவருக்கு அன்றைய கூலி ஏது?

நீங்கள் போகும்போது

குடும்பத்தோடு போகிறீர்களா? நிலா வெளிச்சம் இல்லாத, மழை பெய்யாத இரவைத் தேர்ந்தெடுங்கள். கைப்பேசித் திரையையும் கேமராவின் மின்னொளியையும் அணைத்துவிடுங்கள். கைவிளக்கை மரத்தின் பக்கம் திருப்பாதீர்கள். கொசுவிரட்டி மருந்தைப் படகில் தெளிக்க வேண்டாம், மின்மினியும் பூச்சிதானே. நீளக்கைச் சட்டையே போதும். பிடித்துப் புட்டியில் அடைக்கவும் வேண்டாம்.

படகேறியதும் சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். கண் இருட்டுக்குப் பழகட்டும். பிறகு ஒரு கிளையை மட்டும் பார்த்து, தாளம் தவறி மின்னும் மின்மினி ஏதாவது உண்டா என்று தேடுங்கள். கிடைத்தால், அது எத்தனை விநாடியில் மற்றவற்றோடு சேர்கிறது என்று மனத்துக்குள் எண்ணுங்கள். இருண்ட அறையில் பக் தம்பதியர் கண்டதை நீங்களும் காண்பீர்கள்.