கடைசி வரிசையில் நின்ற கார்: ஒரு புதிய போர்முலா 1 அணியின் முதல் ஆண்டு

2010 மார்ச் 13, சனிக்கிழமை. பஹ்ரேனில் அந்த ஆண்டின் முதலாவது போர்முலா 1 பந்தயத்துக்கான தகுதிகாண் சுற்று நடந்துகொண்டிருந்தது. மற்ற அணிகளின் கார்கள் குளிர்கால பரீட்சார்த்த ஓட்டங்களில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர்களை ஓடி முடித்துவிட்டு வந்திருந்தன. ஆனால் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் அன்று ஓட்டிவந்த கார், அந்தச் சுற்றில்தான் முதல் தடவையாக ஓடுபாதையைத் தொட்டது. வெள்ளிக்கிழமைப் பயிற்சி முழுவதும், சனிக்கிழமை காலைப் பயிற்சியின்போதும், பொறியியலாளர்கள் அதைப் பொருத்திக்கொண்டே இருந்தார்கள்.

அந்த அணியின் பெயர் ஹிஸ்பானியா ரேசிங், சுருக்கமாக எச்.ஆர்.ரி. ஸ்பெயினைச் சேர்ந்த புதிய அணி. காரின் பெயர் எப்110. அன்றைய தகுதிகாண் சுற்றில் அணியின் இரண்டு கார்களும் கடைசி இரண்டு இடங்களைப் பிடித்தன. முதலிடத்தைப் பெற்ற செபஸ்ரியன் வெட்டலின் ரெட் புல் காரைவிட அவை ஏறத்தாழ 10 செக்கன் பின்தங்கியிருந்தன. போர்முலா 1 இல் ஒரு செக்கன் என்பதே பெரிய இடைவெளி. 10 செக்கன் என்றால் வேறு வகைப் பந்தயத்துக்கான கார் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். மறுநாள் பந்தயத்தில் சந்தோக் இரண்டாவது சுற்றிலேயே மோதி வெளியேறினார். மற்ற ஓட்டுநரான பிரேசிலின் புரூனோ சென்னா 17 சுற்றுகளுடன் நின்றார்.

எச்.ஆர்.ரி.யைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் சிரித்துக்கொண்டேதான் பேசுவார்கள். ஆனால் அந்தக் கார் ஏன் அப்படி ஓடியது என்று தேடினால், பிழை எங்கே தொடங்கியது என்பது வேறு விதமாகத் தெரிகிறது.

வாக்குறுதியோடு தொடங்கிய கதை

2009 இல் உலக மோட்டார் விளையாட்டுச் சம்மேளனமான எப்.ஐ.ஏ.யின் தலைவராக மக்ஸ் மோஸ்லி இருந்தார். அது உலகப் பொருளாதார நெருக்கடிக் காலம். ஹொண்டா நிறுவனம் 2008 இறுதியில் போர்முலா 1 ஐ விட்டு வெளியேறியிருந்தது. மற்ற நிறுவனங்களும் போய்விடலாம் என்ற அச்சம் இருந்தது. எனவே புதிய அணிகளைக் கொண்டுவர மோஸ்லி முயன்றார். அதற்கான தூண்டில், ஓர் அணி ஆண்டொன்றுக்கு 40 மில்லியன் பவுண்களுக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்ற உச்சவரம்பு. பெரிய அணிகள் அதைவிடப் பல மடங்கு செலவழித்து வந்த காலம் அது.

அந்தக் கணக்கை நம்பித்தான் சிறிய அணிகள் விண்ணப்பித்தன. 2009 ஜூன் மாதம் ஸ்பெயினின் கம்போஸ், பிரித்தானியாவின் மேனர், அமெரிக்காவின் யு.எஸ்.எப்1 ஆகிய மூன்றும் தெரிவாகின. பி.எம்.டபிள்யூ. வெளியேறுவதாக அறிவித்த பின்னர், செப்டெம்பரில் மலேசியத் தொழிலதிபர் ரொனி பெர்னாண்டஸின் லோட்டஸ் அணிக்கும் இடம் கிடைத்தது.

ஆனால் பெரிய அணிகள் உச்சவரம்பை ஏற்கவில்லை. பிரிந்துபோய்த் தனியாகப் பந்தயத் தொடர் நடத்துவோம் என்று மிரட்டின. இறுதியில் கைவிடப்பட்டது உச்சவரம்புதான். புதிய அணிகளுக்கோ இடம் மட்டும் மிஞ்சியது. எந்த நிபந்தனையை நம்பி வந்தார்களோ, அது அவர்கள் வந்து சேர்வதற்கு முன்பே இல்லாமல் போய்விட்டது. யு.எஸ்.எப்1 ஒரு பந்தயத்திலும் ஓடாமலே கலைந்தது. மேனர், ரிச்சர்ட் பிரான்சனின் வேர்ஜின் பெயருடன் வந்தது. கம்போஸ் அணி மூச்சுத் திணறியது.

பத்து நாட்களில் ஓர் அணி

கம்போஸ் அணியைத் தொடங்கிய அட்ரியன் கம்போஸ் முன்னாள் போர்முலா 1 ஓட்டுநர். பெர்னாண்டோ அலொன்சோவின் ஆரம்பகால வளர்ச்சியில் அவருக்குப் பங்குண்டு. காரைத் தானே கட்டாமல், இத்தாலியின் டல்லாரா நிறுவனத்திடம் அந்த வேலையை ஒப்படைத்தார். டல்லாரா அனுபவம் மிக்க நிறுவனம். உலகெங்கும் பல பந்தயத் தொடர்களின் கார்களைக் கட்டுவது அவர்கள்தான். ஆனால் அனுசரணையாளர்கள் சேரவில்லை. பணம் நேரத்துக்குப் போகாததால் டல்லாராவில் வேலை தடைப்பட்டதாக அப்போது செய்திகள் வெளியாகின.

2010 பெப்ரவரியில், பந்தயம் தொடங்குவதற்குச் சில வாரங்களே இருந்தபோது, பங்காளரான ஹோசே ரமோன் கரபான்டே அணியைத் தன் பொறுப்பில் எடுத்தார். கொலின் கோல்ஸ் அணித் தலைவரானார். மார்ச் தொடக்கத்தில் அணியின் பெயர் மாறியது. மார்ச் 4 ஆம் திகதி ஸ்பெயினின் முர்சியாவில் கார் அறிமுகமானது. சந்தோக்கின் பெயர் அறிவிக்கப்பட்டதும் அன்றுதான். பஹ்ரேன் பந்தயத்துக்குப் பத்து நாட்களே இருந்தன. பெப்ரவரியில் ஸ்பெயினில் நடந்த பரீட்சார்த்த ஓட்டங்கள் ஒன்றிலும் இந்தக் கார் ஓடவில்லை.

ஓட்டிப் பார்க்காத கார் ஏன் மெதுவாகிறது?

போர்முலா 1 காரின் வேகத்தைத் தீர்மானிப்பது எஞ்சின் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 2010 ஆம் ஆண்டே அதற்கு நல்ல மறுப்பு. எச்.ஆர்.ரி., லோட்டஸ், வேர்ஜின் ஆகிய மூன்று புதிய அணிகளும் பயன்படுத்தியது கொஸ்வேர்த் எஞ்சின். அதே எஞ்சினைத்தான் அனுபவம் மிக்க வில்லியம்ஸ் அணியும் பயன்படுத்தியது. அந்த ஆண்டு பிரேசிலில், மழைக்குப் பின் காய்ந்துகொண்டிருந்த ஓடுபாதையில், வில்லியம்ஸின் நிக்கோ ஹல்கன்பேர்க் தகுதிகாண் சுற்றில் முதலிடம் பெற்றார்.

வேறுபாடு காற்றில் இருந்தது. வளைவில் திரும்பும்போது கார் வழுக்காமல் இருக்க, முன், பின் இறக்கைகளும் அடித்தளமும் ஓடும் காற்றைக்கொண்டு காரை நிலத்தோடு அழுத்த வேண்டும். அந்த அழுத்தம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு வேகமாக வளைவைக் கடக்கலாம். அதைச் சரியாகப் பெறுவதற்குக் காற்றுச் சுரங்கத்தில் சோதிக்க வேண்டும். பின்னர் ஓடுபாதையில் ஓட்டி, கணித்த அளவும் கிடைத்த அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு பாகத்தை மாற்றி மீண்டும் ஓட்ட வேண்டும். இந்தச் சுழற்சி ஆண்டு முழுவதும் நிற்காது. பெரிய அணிகள் ஏறக்குறைய ஒவ்வொரு பந்தயத்துக்கும் புதிய பாகங்களுடன் வரும்.

எச்.ஆர்.ரி.க்கு இந்தச் சுழற்சியே கிடைக்கவில்லை. செலவைக் குறைப்பதற்காக, பருவகாலத்தின் நடுவே பரீட்சார்த்த ஓட்டம் செய்வதும் 2009 முதல் தடைசெய்யப்பட்டிருந்தது. ஏற்கெனவே நன்றாக ஓடும் காருக்கு அந்தத் தடை பெரிய இழப்பில்லை. ஓடியே பார்க்காத காருக்கு அது கதவை அடைத்தது போல. பந்தய வார இறுதியின் பயிற்சி நேரம்தான் அவர்களுக்கு இருந்த ஒரே பரீட்சைக்கூடம். மே மாதத்தில் டல்லாராவுடனான உறவும் முறிந்தது. காரைக் கட்டியவர்கள் போன பிறகு, அதை வளர்த்தெடுக்க ஆட்களும் இல்லை, பணமும் இல்லை. மற்றவர்கள் ஒவ்வொரு மாதமும் முன்னேற, எப்110 ஏறக்குறைய பஹ்ரேனில் இறங்கிய அதே வடிவத்திலேயே ஆண்டை முடித்தது.

பிழை பணமில்லாத அணிக்கு மட்டும் உரியதல்ல. வேர்ஜின் அணியின் நிக் வேர்த் காற்றுச் சுரங்கமே இல்லாமல், முழுக்கக் கணினியிலேயே காரை வடிவமைத்தார். 2010 முதல் பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்புவது தடை. ஆகவே முழுப் பந்தயத்துக்குமான எரிபொருளைத் தொடக்கத்திலேயே சுமக்க வேண்டும். வேர்ஜின் காரின் தாங்கியோ சில பந்தயங்களை முடிக்கப் போதாத அளவுக்குச் சிறியதாக இருந்தது. தாங்கி காரின் நடுச் சட்டகத்துக்குள் இருப்பது. அதைப் பெரிதாக்க எப்.ஐ.ஏ.யின் அனுமதி பெற்று, சட்டகத்தையே மாற்ற வேண்டியிருந்தது.

முடித்துவைப்பதே வெற்றி

இவ்வளவுக்கும் நடுவே எச்.ஆர்.ரி. செய்த ஒரு காரியம் கவனிக்கத்தக்கது. பஹ்ரேனுக்கு இரண்டு வாரங்களின் பின் அவுஸ்திரேலியாவில் சந்தோக் பந்தயத்தை முடித்தார். முதலாவதாக வந்தவரைவிட 5 சுற்றுகள் பின்னால்; ஆனாலும் 14ஆவது இடம். அடுத்து மலேசியாவில் இரண்டு கார்களும் முடித்தன. முதல் ஓட்டத்துக்கு முன் ஒரு கிலோமீற்றர்கூட ஓடாத கார், மூன்றாவது பந்தயத்திலேயே இரட்டையாக இறுதிக் கோட்டைத் தொட்டது.

மொனாக்கோவில் பந்தயம் முடியும் தறுவாயில் லோட்டஸின் யார்னோ துருல்லி சந்தோக்கை முந்த முயன்றபோது, துருல்லியின் கார் சந்தோக்கின் காருக்கு மேலாக ஏறிச் சென்றது. சந்தோக்கின் தலைக்கு மிக அருகால் அது போனதைப் பார்த்தவர்கள் உறைந்துபோனார்கள். இருவருக்கும் காயமில்லை. போதிய சுற்றுகளை ஓடியிருந்ததால் சந்தோக்குக்கு மீண்டும் 14ஆவது இடம் கணக்கிடப்பட்டது.

ஆனால் சிறிய அணிகளில் ஓட்டுநரின் இருக்கையும் நிரந்தரமில்லை. பிரித்தானியப் பந்தயத்தில் சென்னாவின் இடத்தில் ஜப்பானின் சகோன் யமமோட்டோ அமர்ந்தார். அடுத்து ஜேர்மனியில் சென்னா திரும்ப, சந்தோக்கின் இடம் யமமோட்டோவுக்குப் போனது. பத்துப் பந்தயங்களுடன் சந்தோக்கின் அந்த ஆண்டு முடிந்தது. பிற்பகுதியில் ஒஸ்ரியாவின் கிறிஸ்டியன் கிளியனும் மூன்று பந்தயங்களில் ஓட்டினார். ஒரே ஆண்டில் நான்கு ஓட்டுநர்கள்.

மூன்று புதிய அணிகளும் ஒரு புள்ளிகூடப் பெறவில்லை. இப்படி எல்லோரும் பூச்சியத்தில் நின்றால், யார் எந்த இடத்தில் முடித்தார்கள் என்று பார்த்துத் தரவரிசை தீர்மானிக்கப்படும். ஜப்பானில் ஹெய்க்கி கொவலைனன் பெற்ற 12ஆவது இடத்தால் லோட்டஸ் 10ஆவது அணியானது. முதல் பத்து அணிகளுக்கே பரிசுத்தொகையின் பெரும்பங்கு போவதால் அந்த ஓர் இடம் பல மில்லியன் பெறுமதியானது. எச்.ஆர்.ரி.க்கும் வேர்ஜினுக்கும் சிறந்த முடிவு 14ஆவது இடம். வேர்ஜின் அதை இரண்டு தடவை பெற்றது. எச்.ஆர்.ரி. மூன்று தடவை: சந்தோக் இரண்டு, கொரியாவில் சென்னா ஒன்று. வளர்த்தெடுக்கவே முடியாமல் போன கார், வேர்ஜினைப் பின்தள்ளி 11ஆவது இடத்தில் முடித்தது.

அதே டல்லாரா, வேறு முடிவு

எப்110 மோசமான கார்தான். ஆனால் கட்டியவர்களுக்குத் தெரியாததால் அது மோசமாகவில்லை. அதற்கான சாட்சி ஆறு ஆண்டுகளின் பின் கிடைத்தது. 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் ஹாஸ் அணிக்கு அனுமதி கிடைத்தது. 2015 இலேயே இறங்கியிருக்கலாம். ஆனால் அவர்கள் ஓராண்டு காத்திருந்தார்கள். எஞ்சினையும் கியர்பெட்டியையும் பெராரியிடம் வாங்கினார்கள். சட்டகத்தைக் கட்டும் வேலையை யாரிடம் கொடுத்தார்கள்? அதே டல்லாராவிடம். 2016 இல் அவுஸ்திரேலியாவில் ஹாஸின் முதல் பந்தயத்திலேயே ரோமன் குரோஜோன் 6ஆவதாக வந்தார். அடுத்து பஹ்ரேனில் 5ஆவது. ஆண்டு முடிவில் அணி 8ஆவது இடம்.

கட்டிய நிறுவனம் ஒன்றே. ஒருவருக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளும், ஒழுங்கான பணமும், தோள்கொடுக்க ஒரு பெரிய அணியும் இருந்தன. மற்றவருக்குப் பத்து நாட்கள் இருந்தன.

எச்.ஆர்.ரி. 2012 இறுதியில் மூடப்பட்டது. அதன் கடைசி இரண்டு ஆண்டுகளிலும் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் அதன் காரை ஓட்டினார். 2011 இல் இந்தியாவில் நடந்த முதலாவது போர்முலா 1 பந்தயத்திலும் அவர் ஓட்டியது எச்.ஆர்.ரி. காரைத்தான். லோட்டஸ் அணி கேட்டர்ஹாம் என்று பெயர் மாறி 2014 உடன் முடிந்தது. வேர்ஜின் பல பெயர்களில் தொடர்ந்து 2017 தொடக்கத்தில் மறைந்தது. 2010 இல் வந்த ஓர் அணியும் இன்று இல்லை.

மோஸ்லி வாக்களித்த செலவு உச்சவரம்பு வேறொரு வடிவில் 2021 இல் நடைமுறைக்கு வந்தது, 145 மில்லியன் டொலர் என்ற அளவில். அதை நம்பி வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு. 2026 பருவகாலத்துக்கு 11ஆவது அணியாக அனுமதி பெற்ற கடிலாக், அந்தப் பாதுகாப்போடும் ஒரு பெரிய கார் நிறுவனத்தின் பின்பலத்தோடும் வருகிறது.

சந்தோக் இப்போது பிரித்தானியத் தொலைக்காட்சியில் போர்முலா 1 ஐ விளக்குபவராக அறியப்படுகிறார். முடிவுப் பட்டியலில் அவரது பெயருக்கு எதிரே 14, 15, 17, 18 என்ற எண்கள் இருக்கின்றன. மற்றவர்கள் தொடங்கி எவ்வளவு காலத்தின் பின் அவர் தொடங்கினார் என்பதற்கு அந்தப் பட்டியலில் ஒரு நிரல் இல்லை. அதை வாசிப்பவர்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும்.