சில்லறைக்காகப் பிறந்த நோட்டுகள்

சில்லறைத் தட்டுப்பாடு என்றால் என்ன என்று நம் கடைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஐம்பது பைசாவுக்கு மிட்டாயும் தீப்பெட்டியும் கொடுத்துச் சமாளித்தவர்கள் நாம். இத்தாலி நாட்டு வணிகர்கள் 1866-ஆம் ஆண்டில் இதைவிடப் பெரிய இக்கட்டில் மாட்டிக்கொண்டார்கள். அப்போது வெளிவந்த சின்னஞ்சிறு நோட்டுகளை இன்று பல நாடுகளில் விரும்பிச் சேகரிக்கிறார்கள். அடியேனும் அவற்றில் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். பழைய நோட்டு சேர்க்கும் ஆசை நம் உறுப்பினர்கள் பலருக்கும் உண்டு என்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

இத்தாலி 1861 வரை ஒரே நாடாக இருக்கவில்லை. சார்டீனியா, டஸ்கனி, போப்பாண்டவர் ஆட்சிப் பகுதி, நேப்பிள்ஸ்-சிசிலி என்று தனித்தனி ஆட்சிகள்; அவரவருக்குத் தனி வங்கி, தனி நோட்டு. நாடு ஒன்றான பின் 1862-இல் லிரா பொது நாணயமாகச் சட்டம் வந்தது. ஆனால் வங்கிகள் ஒன்றாகவில்லை. ஜெனோவா, துரின் நகர வங்கிகள் 1849-இல் இணைந்து உருவான தேசிய வங்கி, டஸ்கனியில் இரண்டு வங்கிகள், ரோம் நகரின் பாங்கா ரொமானா, நேப்பிள்ஸ் வங்கி, சிசிலி வங்கி என ஆறு வங்கிகள் நோட்டு அடித்தன. தன் வட்டாரத்தில் மதிப்போடு ஓடிய நோட்டு வெளியூருக்குப் போனால் தயக்கத்தோடுதான் வாங்கப்பட்டது. அதனால்தான் சேகரிப்பவர்கள் இவற்றை வட்டார நோட்டுகள் என்கிறார்கள்.

இனி 1866-க்கு வருவோம். ஆஸ்திரியாவோடு போர் மூளும் நிலை. அரசாங்கத்துக்குப் பணம் வேண்டும். தேசிய வங்கியிடம் 25 கோடி லிரா கடன் வாங்கிக்கொண்டு, அதற்குக் கைம்மாறாக, நோட்டைக் கொண்டுவந்து நீட்டுபவருக்குத் தங்கமோ வெள்ளியோ தரவேண்டியதில்லை என்று மே 1-ஆம் தேதி உத்தரவு போட்டது. அடுத்து நடந்ததை வியாபாரிகளுக்கு விளக்கவா வேண்டும்? வெள்ளிக் காசு வைத்திருந்தவன் பதுக்கினான். முந்தைய ஆண்டு செய்த உடன்படிக்கையால் இத்தாலியின் வெள்ளிக் காசு பிரான்சிலும் செல்லும். ஆகவே பெரும்பகுதி எல்லை தாண்டிப் போய்விட்டது. கூலிக்காரன் கையில் பெரிய நோட்டு. அவனுக்கு வேண்டியதோ ஒரு வேளை ரொட்டியும் கொஞ்சம் எண்ணெயும். மீதி கொடுக்கக் கல்லாவில் காசு இல்லை.

அரசு யோசித்து முடிப்பதற்குள் ஊர்கள் வழி கண்டுபிடித்துவிட்டன. லூயிஜி லூட்ஸாட்டி என்பவரின் முயற்சியால் லோதியில் 1864-லும் மிலானில் 1865-லும் சிறு வியாபாரிகளுக்கும் கைத்தொழிலாளர்களுக்குமான மக்கள் வங்கிகள் தொடங்கியிருந்தன. (இவர் பிற்காலத்தில் நாட்டின் பிரதமராகவும் ஆனார்.) மிலான் மக்கள் வங்கி சிறுமதிப்புச் சீட்டுகளை வெளியிட்டது. மற்ற ஊர்களும் தொடர்ந்தன. நகராட்சிகள், தொழிலாளர் சங்கங்கள், தனி வியாபாரிகள் கூட 50 சென்டெசிமி, 1 லிரா, 2 லிரா என்று அச்சடித்துவிட்டார்கள். ஒரு லிராவுக்கு நூறு சென்டெசிமி. இவற்றுக்குப் பின்னால் அரசாங்க உத்தரவாதம் எதுவும் இல்லை. வெளியிட்டவர் திரும்ப வாங்கிக்கொள்வார் என்ற நம்பிக்கை ஒன்றுதான். நம் தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்று ஒரே சொல்லை வைத்தார்களே, அதன் பொருளை இந்தச் சீட்டுகளில் பார்க்கலாம். வெளியிட்டவர் நொடித்தால் அவர் சீட்டு வெறும் தாள். நட்டம் கடைசியில் அதைக் கையில் வைத்திருந்தவருக்கு. பெரும்பாலும் அது ஒரு மளிகைக் கடைக்காரராகத்தான் இருந்திருக்கும்.

1874 ஏப்ரல் 30-இல் வந்த சட்டம் இந்தத் தனியார் சீட்டுகளுக்கு முடிவு கட்டியது. நோட்டு அடிக்கும் உரிமை ஆறு வங்கிகளுக்கு மட்டும். அரசுக்காக 100 கோடி லிரா வரை அவை கூட்டாக நோட்டு வெளியிட வேண்டும். அந்தக் கூட்டு நோட்டில் 50 சென்டெசிமி வரை இருந்ததால் கடைத்தெருவின் சில்லறைத் தொல்லை குறைந்தது. 1883-இல் நோட்டுக்குப் பொன், வெள்ளி தருவதும் மீண்டும் தொடங்கியது.

ஆறு வங்கிகளும் ஒன்றின் நோட்டை மற்றொன்று வாங்கி, அவ்வப்போது கணக்கை நேர்செய்துகொள்ளும் ஏற்பாடும் இருந்தது. கையிருப்புக்கு மேல் நோட்டு விட்டவனுக்கு இதில்தான் வயிற்றைக் கலக்கும். பாங்கா ரொமானாவின் தலைவர் பெர்னார்தோ டான்லொங்கோ சட்டம் அனுமதித்த அளவை மீறி நோட்டு விட்டார். போதாததற்கு, ஏற்கெனவே வெளிவந்த நோட்டுகளின் வரிசை எண்களையே போட்டு இன்னொரு தொகுதி நோட்டும் அச்சடிக்கச் செய்தார். இரட்டை பில் புத்தகம் நம் ஊர்க் கண்டுபிடிப்பு என்று யாரும் பெருமைப்பட வேண்டாம்! 1889-இல் நடந்த தணிக்கையிலேயே குளறுபடி தெரிந்தும் அறிக்கை அமுக்கப்பட்டது. 1892 டிசம்பரில் கொலாயான்னி என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்தில் அதை உடைத்தார். அடுத்த மாதம் டான்லொங்கோ கைதானார். ஆனால் 1894-இல் நடுவர் குழு அவரை விடுதலை செய்துவிட்டது. அரசியல்வாதிகளுக்குப் போன பணத்தின் கதை அவர் வாயைத் திறந்தால் வெளிவரும் என்ற நிலையில் வேறு எந்தத் தீர்ப்பை எதிர்பார்ப்பது? இந்த ஊழலின் விளைவாக 1893-இல் தேசிய வங்கியும் டஸ்கனி வங்கிகள் இரண்டும் இணைந்து இத்தாலி வங்கி உருவானது. பாங்கா ரொமானாவின் கணக்கை முடிக்கும் பொறுப்பும் அதன் தலையில் விழுந்தது. நேப்பிள்ஸ், சிசிலி வங்கிகள் 1926 வரை தம் நோட்டுகளை வெளியிட்டன.

சேகரிக்க விரும்புகிறவர்கள் 50 சென்டெசிமி, 1 லிரா மக்கள் வங்கிச் சீட்டுகளிலிருந்து தொடங்குவது நல்லது. பெரிய வங்கிகளின் உயர்மதிப்பு நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு அழிக்கப்பட்டவை. எஞ்சியவை அரிது, விலையும் அதற்கேற்ப. ஒரு மாநிலம் அல்லது ஒரே ஊர் என்று எல்லை வைத்துக்கொண்டால் கைக்கு அடங்கும்.

வாங்கும்போது முதலில் ஓரத்தைப் பாருங்கள். பல நோட்டுகள் நம் ரசீதுப் புத்தகம் போல அடிக்கட்டையோடு அச்சாகி, நடுவிலுள்ள சித்திரப் பட்டையின் ஊடே வெட்டப்பட்டவை. சந்தேகம் வந்தால் அடிக்கட்டையோடு பொருத்திப் பார்க்கலாம் என்பதற்காக அந்த ஏற்பாடு. எனவே ஒரு பக்கம் சித்திரம் பாதியில் அறுபட்டிருந்தால் அது குறையல்ல. கையெழுத்து மையால் போட்டதா, அச்சா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். கையெழுத்தே இல்லாதது வெளியிடப்படாமல் மீந்த தாளாக இருக்கலாம். அதற்கு வெளியிட்ட நோட்டின் விலையைக் கொடுக்காதீர்கள்.

கள்ள நோட்டுப் பார்க்கக் கல்லாவில் வைத்திருக்கும் ஊதா விளக்கு இங்கேயும் உதவும். பழைய கந்தல் துணிக் காகிதம் அதன் கீழ் மங்கலாகவே இருக்கும். பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் அது பிற்காலக் காகிதம், அல்லது சோப்புத் தூளில் கழுவி மடிப்பு நீக்கப்பட்டது. இரண்டும் வேண்டாம். இத்தாலியிலிருந்து நேரடியாக வரவழைப்பதானால் பழம்பொருள் ஏற்றுமதிக்கான ஆவணம் உண்டா என்று பணம் அனுப்புமுன் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

லாபத்துக்காக யாரும் இதில் இறங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். லிராவே 2002-இல் செல்லாததாகிவிட்டது. இந்தத் தாள்களை மாற்றித்தர எந்த வங்கியும் இல்லை. வாங்க ஆள் கிடைத்தால்தான் விலை. சரக்கில் போட வேண்டிய முதலை இதில் முடக்காமல், மாதச் செலவில் மிஞ்சியதை மட்டும் போடுங்கள்.

வாங்கியவற்றை அமிலம் இல்லாத காகித உறையிலோ, பி.வி.சி. கலக்காத தெளிவான உறையிலோ வையுங்கள். நோட்டுக்கட்டில் பின் அடிக்கும் பழக்கத்தை இங்கே காட்ட வேண்டாம். லேமினேஷன் செய்தால் நோட்டு போனது போனதுதான். கிழிந்ததை செலோடேப் போட்டு ஒட்டவும் கூடாது. கிழிசலோடு இருப்பதற்கு மதிப்பு அதிகம்.